கறிவேப்பிலைச் செடியில் யாருக்குப் பங்கு?



பூமியைப் பேணப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. பனிப்பாறை உருகுவதிலிருந்து ஓசோன் ஓட்டை வரைக்கும் இதற்குள் நுழைத்துவிடலாம். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. வீட்டு வாசல்படியைத் தாண்டாமல், அடுப்படி, மொட்டைமாடி, கொல்லைப்புறம், இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன். மிஞ்சிப் போனால் ஏரிக்கரை வரைக்கும் நடப்போம்.

ஆனாலும் மதுராந்தகத்தில் நின்று இதைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஏன் என்று கேட்கிறீர்களா? இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேடந்தாங்கல். நான் பேச வந்த விஷயத்தை அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற கலெக்டர் துரை லயனல் பிளேஸை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிளேஸின் காலத்தில், 1798-ல், வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கும்பெனி அரசிடமிருந்து எழுத்தில் வாங்கினார்கள். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள், அதைத் தடுக்கத்தான் ஊரார் போய் நின்றார்கள் என்று சொல்கிறார்கள். நினைத்துப் பாருங்கள். காட்டிலாகா என்ற ஒன்று இல்லாத காலம். சுற்றுச்சூழல் என்று பாடம் எதுவும் இல்லாத காலம். அந்த விவசாயிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

அவர்களுடைய வயல்தான் சொல்லிக்கொடுத்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும். நத்தைக்குத்தி நாரை வரும், கூழைக்கடா வரும், வெள்ளை அரிவாள் மூக்கன் வரும், வக்கா வரும். தண்ணீரில் நிற்கிற மரங்களில் கிளைக்குக் கிளை கூடு கட்டும். எச்சம் முழுவதும் ஏரித் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும். உரக்கடைக்குப் போகாமலே உரம் வந்துவிடும். பறவை இருந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்கள் கண்கூடாகக் கண்ட கணக்கு. இதில் சுயநலம் கலந்திருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தன் சோற்றோடு ஒட்டியிருப்பதைத்தான் மனிதன் விடாமல் காப்பாற்றுவான்.

சரி, பெரியவர்களுக்குக் கணக்குத் தெரியும். எட்டு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்? அவனுக்குத் தீபாவளி என்றால் வெடி. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி வருவதும் பறவைகள் வந்து இறங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். சத்தம் கேட்டால் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். தான் வெடிக்கவில்லை, அண்ணன் வெடிக்கவில்லை, அப்பாவும் தன் சின்ன வயதில் வெடித்ததில்லை. இப்படி ஒரு வீட்டில் வளர்கிற பிள்ளைக்குத் தனியாக ஒரு விழிப்புணர்வு முகாம் எதற்கு? 2022-ல் வேடந்தாங்கலுக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. உலகம் வந்து முத்திரை குத்தியது. முத்திரைக்கு முன்னால் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது வீட்டு வழக்கம்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். நாம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம்?

மரம் நடுவிழா நடத்துகிறோம். ஒரு கன்று, அதைப் பிடிக்க பதினாறு கை, படம் எடுக்க நாலு செல்போன். அடுத்த வாரம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? சித்திரை வெயிலில் அதற்கு முள்வேலி கட்டியது யார்? ஆட்டிடமிருந்து அதைக் காப்பாற்றியது யார்? விதைப்பந்து எறியக் கூட்டிப் போகிறோம். பந்து உருட்டுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மறுக்கவில்லை. எறிந்த இடத்துக்குத் திரும்பப் போய், முளைத்ததா, செத்ததா என்று பார்த்த குடும்பம் எத்தனை? கண்ணீர் விடும் பூமிப்பந்தை வரையச் சொல்லி ஓவியப் போட்டி வைக்கிறோம். ஆறு வயசுக் குழந்தை நீல வர்ணத்தில் உலகத்தை வரைந்து, அதற்கு ஒரு காய்ச்சல் மானியும் வரைந்து பரிசு வாங்குகிறது. அந்தக் குழந்தையால் உலகத்தின் காய்ச்சலுக்கு என்ன செய்ய முடியும்? தன்னால் ஆகாத ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தினால் பிள்ளை ஒன்று அழும், இல்லாவிட்டால் பழகிப்போய் மரத்துவிடும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

பிள்ளைக்குத் தேவை ஒரு பொறுப்பு. சின்னதாக இருக்கட்டும், தினமும் இருக்கட்டும், அது செய்யாவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று நிஜமாகவே கெட்டுப்போகும்படி இருக்கட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் எடுத்துக்காட்டு.

உங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? தொட்டியில் இருந்தாலும் போதும். என்றைக்காவது அதன் இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒரு பொட்டுப் பார்த்திருப்பீர்கள். பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். விரலால் தட்டிவிடப் போகும்போது அது நகரும். அது புழு! கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு நம் தோட்டங்களில் தாழப் பறக்குமே ஒரு பட்டாம்பூச்சி, அதன் பிள்ளை. பறவை தின்னாமல் இருக்கப் பறவை எச்சமாக வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சில நாளில் வேஷம் மாறும். புழு பெருத்து, இலையின் அதே பச்சைக்கு வந்துவிடும். அப்போது ஒரு துடைப்பக் குச்சியால் முதுகை மெல்லத் தொடச் சொல்லுங்கள், பிள்ளையை. தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டுக் கொம்பு வெளியே நீளும். கூடவே ஒரு வீச்சம். பிள்ளை கத்திக்கொண்டு பின்னால் பாயும். பிறகு, "இன்னொரு தடவை" என்று கேட்கும். ஒரு தடவை போதும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது விளையாட்டுக் காட்டவில்லை, பயந்துபோயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இப்போதுதான் வீட்டில் வழக்குத் தொடங்கும். அம்மாவுக்குத் தாளிக்க இலை வேண்டும். புழுவுக்குத் தின்ன இலை வேண்டும். செடியோ ஒன்று. மருந்தடிப்பதா, புழுவைப் பொறுக்கி எறிவதா, விட்டுவைப்பதா? தயவுசெய்து இந்த வழக்கை நீங்களே தீர்த்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மேற்குப் பக்கத்துக் கிளை புழுவுக்கு, மற்றதெல்லாம் ரசத்துக்கு என்று ஒரு தீர்ப்பு வரும். புழு அந்தத் தீர்ப்பை மதிக்காது, அது வேறு விஷயம். எல்லை தாண்டி வந்த புழுவைத் தினமும் காலையில் அதன் கிளைக்குத் திருப்பி அனுப்புவது பிள்ளையின் வேலை. இலையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், நசுக்கிவிடக் கூடாது.

முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் ஒரு மாதம்போல ஆகும். நடுவில் ஒரு நாள் புழு தின்பதை நிறுத்திவிட்டு, ஒரு குச்சியில் தன்னைத்தானே ஒற்றை நூலால் இடுப்பில் கட்டிக்கொண்டு கூடாகிவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் பார்க்கும், வந்ததும் பார்க்கும். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத நாட்களைப் பொறுத்துக்கொள்வதும் ஒரு படிப்பு. பிறகு ஒரு காலையில் கூடு பிளந்து, கசங்கிய சிறகோடு ஈரமாக வெளியே வந்து தொங்கும். சிறகு விரிந்து உலர்ந்து, அது பறந்து போகும். சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வராது. ஓட்டை போட்டுக்கொண்டு பொடிக் குளவிகள் வரும். குளவி தன் முட்டையை அதற்குள் வைத்திருக்கும். பிள்ளை அழும். அழட்டும். குளவிக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை அன்றைக்கே சொல்ல வேண்டாம், இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம்.

அந்தச் செடியில் இனி அந்த வீட்டார் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிப்பார்களா? கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் ஒரு ஓட்டைகூட இல்லையே, ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்காமல் இருக்குமா? கேட்கும். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

அடுத்து அடுப்படி. அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட ஒரு மண்பானை போதும். அடியில் தேங்காய் நார். அதன்மேல் வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, டீத்தூள். ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் ஒரு கை காய்ந்த சருகு போட வேண்டும். தொடங்கி வைக்கக் கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர். அவ்வளவுதான். மாட்டுச் சாணம் கிடைக்காத ஊரா இது?

நாறாதா என்று கேட்பீர்கள். நாறும், சருகு போட மறந்தால். ஈரம் மிஞ்சிக் காற்றுப் போக வழியில்லாமல் போனால் அழுகும், நாறும். சருகைப் போட்டுக் கிளறிவிட்டால் நாற்றம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். மூக்கை வைத்து வைத்தியம் பார்க்கிற வேலை, பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். வெள்ளைப் புழு நெளியும்போது அருவருப்படைவது நாம்தான். பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்துப் பானையைக் கவிழ்த்தால் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கொட்டும். வெங்காயத் தோல் இருந்த இடம் தெரியாது. முட்டை ஓடு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதற்கு நடுவில் பளிச்சென்று ஒன்று கிடக்கும். முக்கோணமாக, நகத்தளவு. பால் கவரின் மூலை! அம்மா அவசரத்தில் கத்தரித்ததில் கழிவோடு விழுந்தது. போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் மக்காது என்று பாடப்புத்தகத்தில் நூறு தடவை படித்த பிள்ளைதான். ஆனாலும் அந்த முக்கோணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பால் கவரின் மூலையைத் தனியாகத் துண்டிக்காமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி கத்தரிப்பார்கள். யார் போட்ட சட்டம் அது? ஒன்பது வயசுச் சட்டசபை.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கும் கப்புக்கும் உறிஞ்சுகுழலுக்கும் தடை. 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டு வந்தது. ஆனாலும் பூக்காரம்மாவிலிருந்து புரோட்டாக் கடை வரைக்கும் கவர் ஓயவில்லை. நமக்குக் கேட்கக் கூச்சம். பிள்ளையின் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்து முன்னால் விடுங்கள். "அண்ணே, சால்னாவ இதுல ஊத்துங்கண்ணே" என்று அது நீட்டினால், எந்தக் கடைக்காரரும் முகம் கோணமாட்டார். ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்.

மொட்டைமாடிக்கு வாருங்கள். மழை வரும் மாதங்கள் நெருங்குகின்றன. பக்கம் சாயாமல் நேராக இருக்கிற ஒரு டப்பாவை மாடியில் திறந்த இடத்தில் வையுங்கள். மழை விட்டதும் பிள்ளை ஸ்கேலை விட்டு அளக்கட்டும். 50 மில்லிமீட்டர் நின்றிருக்கிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி 1,000 சதுர அடி என்றால் ஏறத்தாழ 93 சதுர மீட்டர். பெருக்குங்கள். 4,650 லிட்டர்! நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற 20 லிட்டர் கேனில் 230 கேனுக்கு மேல். ஒரே மழையில், உங்கள் தலைக்கு மேலே. வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சத்து 11 ஆயிரம் லிட்டரைத் தாண்டும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை அடுத்து என்ன கேட்கும்? "அப்பா, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?" அப்போது எழுந்து போய், 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது போட்ட அந்த மழைநீர்க் குழாயைத் தேடுங்கள். பாதி வீடுகளில் அது எங்கே முடிகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. தொட்டியில் மண் தூர்ந்திருக்கும், குழாய்க்குள் சருகு அடைத்திருக்கும். இருவருமாகத் தூர் வாருங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கதையை மண் வாரிக்கொண்டே சொல்லுங்கள். உட்கார வைத்துச் சொன்னால் உபதேசம். வேலை செய்துகொண்டே சொன்னால் கதை.

இங்கே சிலர் மனதுக்குள் சொல்வது என் காதில் விழுகிறது. "எனக்கே ஒரு பறவை பேர் தெரியாது. நான் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?"

சாலிம் அலி கதையைக் கேளுங்கள். சின்னப் பையன், மும்பையில் மாமா வீட்டில் வளர்கிறான். கையில் ஏர்கன். குருவி சுடுவதுதான் பொழுதுபோக்கு. ஒரு நாள் விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு. சாதாரணக் குருவி இல்லையே! மாமா அமிருதீன் தயாப்ஜியிடம் ஓடுகிறான். மாமா பெரிய வேட்டைக்காரர். ஆனாலும் அது என்ன குருவி என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் என்ன செய்தார்? போடா, போய்ப் படி என்று விரட்டினாரா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்டு பெட்டி பெட்டியாக இழுத்துத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். இந்தியப் பறவையியல் அந்த அறையில் ஒரு பெரிய மனிதரைப் பெற்றது. அவர் தன் சுயசரிதைக்கு வைத்த பெயரிலும் ஒரு குருவி விழுந்து கிடக்கிறது. மாமாவுக்குத் தெரிந்திருந்தால் ஒரு பெயரைச் சொல்லி முடித்திருப்பார். ஆகவே அப்பாமார்களே, தாராளமாகச் சொல்லுங்கள்: "தெரியலடா கண்ணு, வா, போய்க் கேப்போம்."

அப்பாமார்களே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பமாகச் செய்வது, குடும்பமாகச் செய்வது என்று மேடையில் பேசிவிட்டுப் போகிறோம். வீட்டில் அது கடைசியில் யார் தலையில் விழுகிறது? பானையைக் கிளறுவது அம்மா. துணிப்பையைத் துவைப்பது அம்மா. தூக்குவாளியைத் துலக்குவது அம்மா. இருக்கிற வேலை போதாதென்று பூமியையும் அவள் முதுகில் ஏற்றுவதா? அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் காடழிப்புக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? பேணுவது பெண்களின் வேலை என்றுதான் கற்றுக்கொள்ளும். என்னைக் கேட்டால், பானை அப்பாவுடையது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடலாம். கைதட்டுகிற தாய்மார்களைப் பார்த்தால் இந்த ஒரு தீர்மானம் இன்றைக்கே நிறைவேறிவிடும்போல இருக்கிறது.

நேரமில்லை, டியூஷன் இருக்கிறது என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. புழுவைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும்.

கடைசியாக ஏரிக்கரை. ஆவணி பிறந்துவிட்டது. பனம்பழம் விழுகிற காலம். பொறுக்கி வந்து, சுட்டுத் தின்றுவிட்டு, கொட்டையை என்ன செய்வீர்கள்? கொல்லையில் மண்ணை மேடாகக் கூட்டி அதில் வரிசையாகப் பதித்து வையுங்கள். முளை மேலே வராது, கீழே போகும். பிள்ளை தினமும் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லையே என்று புலம்பும். தை பிறக்கும்போது தோண்டுங்கள். பனங்கிழங்கு! பொங்கலுக்கு மஞ்சள் போட்டு அவித்துத் தின்னலாம்.

ஆனால் எல்லாக் கொட்டையையும் கொல்லையில் புதைக்கக் கூடாது. பாதியைக் கரையில் நடுங்கள். கொல்லையில் புதைத்தது நாம் தின்ன, கரையில் புதைத்தது வளர. அந்தப் பனை கிடுகிடுவென்று வளராது. பல வருஷம் தரையோடு தரையாக ஓலை மட்டும் விட்டுக்கொண்டு கிடக்கும். காய்க்கப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். ஆண் பனையா, பெண் பனையா என்பதே பாளை விட்ட பிறகுதான் தெரியும். இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பாப்பா நட்டால், முதல் நுங்கு வெட்டும்போது அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். சிரிக்காதே அம்மா, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். அதுவரைக்கும் அந்தக் கரைப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண் அந்த இடத்தைத் தேடும். கரையை யாராவது வெட்டினால் அவளுக்குக் கோபம் வரும்.

வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு இருக்கிறது. நிறையப் பனங்கொட்டை. போகும்போது பிள்ளைகள் ஆளுக்கு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொல்லைக்கு, இரண்டு கரைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கலங்கல் பக்கம் நான் கடப்பாரையோடு நிற்பேன். தண்ணீர்க் குடத்தை அப்பாக்கள் தூக்கி வாருங்கள். நடுகிற இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பெயரை எழுதிக்கொள்ள, சுண்ணாம்பும் ஒரு பழைய பிரஷ்ஷும் கொண்டு வந்தால் நல்லது.